தாடி ஓணான்: தோலுரிப்பும் தோல் நோய்களும்

தாடி ஓணான், அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வாழும் ஊர்வன விலங்கு. ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. செல்லப்பிராணி வளர்ப்போர் இதனை 'பியர்டெட் டிராகன்' என்றே சொல்வர். பல்லியினங்கள் எல்லாவற்றையும் போல இதுவும் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது மேற்றோலை உரித்துப் புதுப்பிக்கிறது. உரிப்பு ஒழுங்காக நடப்பது நலத்தின் அறிகுறி. அது தடைப்பட்டாலோ, தோலில் நிறம் மாறிய படைகளும் புண்களும் தோன்றினாலோ, பெரும்பாலும் வளர்க்கும் இடத்தில் ஏதோ பிழை இருக்கும். கொழும்பு போன்ற ஈரமான கரையோர நகரில் அந்தப் பிழை, வளர்ப்பு நூல்கள் எழுதப்பட்ட குளிர்நாடுகளில் உள்ளதன் மறுதலை. அங்கே வீட்டை வெப்பமூட்டும் கருவிகள் காற்றை உலர்த்துவதால் பழைய தோல் ஒட்டிக்கொள்கிறது. இங்கே ஈரம் தங்குவதால் புதிய தோல் பழுதாகிறது.

பெயரும் இனமும்

வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் மத்திய தாடி ஓணான். இதன் விலங்கியற் பெயர் பொகோனா விற்றிசெப்ஸ். ஜெர்மனிய விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ற் ஆல் 1926இல் இவ்வினத்தை விவரித்தார். பொகோனா என்னும் பேரினம் 1982இல் வகுக்கப்பட்டது. தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. தொண்டைப் பகுதியில் முட்போன்ற நீள் செதில்கள் வரிசையாக உள்ளன. அச்சுறும்போதும், எதிரியை மிரட்டும்போதும், இணை தேடும்போதும் தொண்டையை உப்பிக் கருக்கச் செய்வதால் தாடி வைத்ததுபோலத் தோன்றும்.

முழு வளர்ச்சியடைந்த விலங்கு வாலோடு சேர்த்து 45 முதல் 60 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. நல்ல பராமரிப்பில் பத்தாண்டு வரை உயிர்வாழும். கொழும்பு வீட்டு வேலிகளில் செவ்வரத்தைக் கிளையில் தலையாட்டியபடி இருக்கும் சாதாரண ஓணானும், உடல் முழுதும் பச்சையான பச்சை ஓணானும் இதே குடும்பத்தின. தோலின் அடிப்படை அமைப்பும் உரிக்கும் முறையும் இவை எல்லாவற்றுக்கும் பொது.

தோலின் அமைப்பு

ஓணானின் செதில் மீனின் செதிலைப் போலத் தனியே பிடுங்கக்கூடிய தகடு அன்று. அது மேற்றோலே மடிந்து தடித்த பகுதி. செதிலின் மேற்புறம் கடினமான புரதத்தால் ஆனது. செதில்களுக்கு இடைப்பட்ட மடிப்பு மென்மையானது, வளையக்கூடியது. உடலசைவுக்கு இடங்கொடுப்பது அந்த மடிப்பே. அழுக்கும் ஈரமும் சிற்றுண்ணிகளும் தங்குவதும் அங்கேதான்.

மேற்றோலின் கீழுள்ள உட்டோலில் நிறக் கலங்கள் உள்ளன. காலைக் குளிரில் உடல் கருமையாகி வெப்பத்தை விரைவாக உறிஞ்சும். சூடேறியதும் வெளிர் மஞ்சளாகவோ மணல் நிறமாகவோ மாறும். புதிதாக வளர்ப்போர் இந்த நாளாந்த நிறமாற்றத்தை நோயென எண்ணுவதுண்டு. சூடேறிய பின்னும் நீங்காத கருமை, ஓரிடத்தில் மட்டும் தோன்றும் நிறமாற்றம், தடித்த விளிம்புள்ள படை ஆகியவையே கவனிக்க வேண்டியவை.

செதில்களுக்கிடையிலான மடிப்புகளுக்கு வறள்நிலத்தில் வேறொரு பயனும் உண்டு. மழை பெய்யும்போது தாடி ஓணான் பின்புறத்தை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி நிற்கும். உடலில் விழும் துளிகள் வாயை நோக்கி வழியும். அதன் உறவினமான முட்பிசாசு ஓணானில் செதில்களுக்கு இடையேயுள்ள நுண்வாய்க்கால்கள் நீரை வாய்வரை இழுத்துச் செல்கின்றன. இரண்டிலும் நீர் உள்ளே போவது வாய் வழியாகவே. தோல் நீரை உறிஞ்சுவதில்லை. குளிப்பாட்டினாலே உடலுக்குள் நீர் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இதனால் பிழையாகிறது. குளிக்கும்போது விலங்கு நீரைக் குடித்தால்தான் பயன்.

உரிப்பு நிகழும் விதம்

பழைய மேற்றோலின் அடியில் புதிய மேற்றோல் முழுமையாக உருவான பின்னரே உரிப்புத் தொடங்குகிறது. சில நாட்களுக்கு இரண்டு தலைமுறைத் தோல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். பின்னர் அவற்றுக்கிடையே நிணநீர் கசிந்து, நொதியங்களின் துணையுடன் பிணைப்பைத் தளர்த்துகிறது. இந்தக் கட்டத்தில் தோல் மங்கி, சாம்பல் அல்லது வெண்மை பூத்ததுபோலக் காணப்படும். பிணைப்பு விட்டதும் பழைய தோல் காகிதம்போல உலர்ந்து பிரியும்.

பாம்பு தன் சட்டையை ஒரே துண்டாகக் கழற்றும். ஓணான் அப்படியல்ல, தலையில் ஒரு துண்டு, முதுகில் ஒரு துண்டு, வாலில் பிறிதொரு நாள் எனப் பகுதி பகுதியாகவே உரிக்கும். எனவே உடலின் ஒரு பாதி பளிச்சென்றும் மறுபாதி மங்கியும் இருப்பது இயல்பு. உரிப்புக் காலத்தில் பசி குறையலாம். தொட்டால் எரிச்சல் காட்டலாம். கல்லிலும் மரக்கட்டையிலும் உடலை உரசலாம். கண்களை வெளியே பிதுக்குவதும் உண்டு. தலைப்பகுதியில் இரத்த அழுத்தத்தைக் கூட்டிக் கண்ணைச் சுற்றிய தோலைத் தளர்த்தும் இச்செயல் சில நொடிகளில் முடிந்துவிடும். உரித்த தோலைச் சில விலங்குகள் தின்பதாலும் கேடில்லை.

குட்டிகள் விரைந்து வளர்வதால் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். மிக இளம் பருவத்தில் இடைவெளி இன்னும் குறுகும். வளர்ந்தவை ஆண்டில் சில தடவைகள் மட்டுமே உரிக்கும். ஆகவே நாட்களைக் கணக்கிட்டு நோயெனத் தீர்மானிக்க முடியாது. தொடங்கிய பகுதியில் உரிப்பு முடிகிறதா, அடியில் தெரியும் புதுத்தோல் மிருதுவாகவும் பளிச்சென்றும் இருக்கிறதா என்பவையே அளவுகோல்.

கொழும்பின் சூழல்

தாடி ஓணானின் தாயகத்தில் உள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் ஆண்டு மழை 300 மில்லிமீற்றரை எட்டாது. கொழும்பில் அது ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். வளர்ப்பு நூல்கள் இவ்விலங்குக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதனைப் பரிந்துரைக்கின்றன. கொழும்பில் பகலில் ஈரப்பதன் 70 சதவீத அளவில் நிற்கும். இரவில் 80 முதல் 90 வரை ஏறும். மே முதல் செப்ரெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் இடைப்பருவ மழையும் அந்த ஈரத்தை நீட்டிக்கின்றன.

வெள்ளவத்தையின் கடலோர அடுக்குமாடி வீடுகளிலும், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையின் நெருக்கமான வீடுகளிலும் இடம் அரிது. அதனால் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியே ஓணானுக்கும் கூடாவது எளிது. நாற்புறமும் கண்ணாடியும் மேலே மூடியும் உள்ள தொட்டியில் காற்றோட்டம் இல்லை. நீர்க்கிண்ணமும் இலையுணவும் வெளிவிடும் ஈரம் உள்ளேயே நிற்கும். கம்பிவலை மூடியும், பக்கவாட்டில் காற்றுத் துளைகளும் உள்ள பெட்டியே ஏற்றது.

தரைவிரிப்பும் முக்கியமானது. இலங்கையில் மலிவாகக் கிடைக்கும் தென்னந்தும்புத் தூள் தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். நாற்றுமேடைக்கு அதை உகந்ததாக்கும் அதே குணம் இவ்விலங்கின் வயிற்றுத் தோலுக்கு எதிரியாகிறது. பழைய பத்திரிகைத் தாள், சமையலறைக் கடதாசி, கழுவி உலர்த்தக்கூடிய ஓடு ஆகியவை பாதுகாப்பானவை. அழுக்கானதும் உடனே மாற்றலாம். குளிரூட்டி இயங்கும் அறையில் ஈரம் குறைந்தாலும், வெப்பமும் சேர்ந்து குறையும் என்பதால் விளக்கின் சூட்டைச் சரிபார்க்க வேண்டும்.

வெயில் காயும் இடத்தில் 38 முதல் 42 பாகை செல்சியஸ் வரையும், நிழல் மூலையில் 25 முதல் 29 வரையும் வெப்பம் இருக்க வேண்டும். கொழும்பின் வெக்கையை நம்பி வெப்ப விளக்கைத் தவிர்ப்பது பிழை. மனிதருக்குப் புழுக்கமான 31 பாகை, இவ்விலங்கின் செரிமானத்துக்கும் தோல் புதுப்பிப்புக்கும் போதாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய வேளைகளில் வெப்ப விளக்கும் காற்றோட்ட விசிறியும் ஒன்றாக நின்றுபோகும். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்து வரும். அப்போது நீர்க்கிண்ணத்தையும் ஈர உணவையும் வெளியே எடுத்து, மூடியைத் திறந்து, வலையால் மூடுவது நல்லது.

உரியாது ஒட்டிய தோல்

பழைய தோல் முழுமையாக விலகாமல் ஓரிடத்தில் தங்குவது தோலுரிப்புக் கோளாறு எனப்படும். கால்விரல் நுனி, வால் நுனி, முட்செதில்கள், கண்ணிமை ஓரம், காதுத் துளை ஆகியவை அது பெரும்பாலும் தங்கும் இடங்கள். முதுகில் ஒட்டிய துண்டால் ஆபத்துக் குறைவு. விரலையோ வாலையோ வளையமாகச் சுற்றித் தங்கியதே கேடானது. அடுத்தடுத்த உரிப்புகளில் வளையத்தின்மேல் வளையம் சேர்ந்து, உலர்ந்து சுருங்கி, இரத்தோட்டத்தைத் தடுக்கும். முதலில் வீக்கமும், பின் கருமையும் தோன்றும். முடிவில் அந்தப் பகுதி உலர்ந்து உதிரும்.

ஈர நகரிலும் இக்கோளாறு ஏற்படுவது முரணாகத் தோன்றலாம். காற்று மட்டுமே காரணமல்ல என்பதே விடை. உடலில் நீரிழப்பு, போதிய வெப்பமின்மை, விற்றமின் ஏ குறைபாடு, உரசிக்கொள்ளக் கரடுமுரடான பொருள் இல்லாமை, பழைய தழும்பு, சிற்றுண்ணித் தொற்று ஆகியவையும் உரிப்பைத் தடுக்கும். ஒரே விரலில் மீண்டும் மீண்டும் தங்கினால் பழைய காயத்தையும், உடலெங்கும் தங்கினால் உணவையும் வெப்பத்தையும் முதலில் ஆராய வேண்டும்.

ஒட்டிய தோலைப் பிடுங்கக் கூடாது. அடியிலுள்ள தோல் முதிராத நிலையில் கிழிந்தால் புண்ணாகித் தொற்றுக்கு வழிவிடும். தோள் மட்டத்துக்கு மேற்படாத ஆழத்தில், 30 பாகை அளவான இளஞ்சூட்டு நீரில் 15 முதல் 20 நிமிடம் கவனித்தபடி நிற்கவிட்டு, மென்மையான பல்துலக்கியால் செதில் சாயும் திசையில் தேய்த்தால் தளர்ந்த தோல் தானே வரும். வராததை மறுநாளைக்கு விட வேண்டும். பின்னர் துவாயால் ஒற்றி, மடிப்புகள் உலர்ந்த பின்பே கூட்டில் விடலாம். குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் அடிக்கடி நீர் தெளித்தலும், ஈரப்பாசி நிரப்பிய மறைவிடமும் கொழும்பில் வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் தடவுவதும் வழக்கம். அது தூசியையும் ஈரத்தையும் மடிப்பில் பிடித்து வைக்கும் என்பதால் உகந்ததன்று. விரல் கறுத்தோ வீங்கியோ இருந்தால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மஞ்சட் பங்கசு நோய்

தாடி ஓணானின் தோல் நோய்களில் மிகக் கொடியது இது. நன்னிசியொப்சிஸ் குவாரோயி என்ற பங்கசு இதற்குக் காரணம். முன்னர் வேறொரு பங்கசின் வடிவமாகக் கருதப்பட்ட இது, மரபணு ஆய்வுகளின் பின்னரே தனி இனமாகப் பிரித்தறியப்பட்டது. பெயர் மஞ்சள் ஆனாலும் படை மஞ்சள், பழுப்பு, கருமை என எந்நிறத்திலும் இருக்கலாம். தொடக்கத்தில் உரியாத தோல் போலவே தோன்றுவதால் வளர்ப்போர் குளிப்பாட்டிப் பார்ப்பர். அந்த ஈரம் நோய்க்கு உதவுகிறது.

இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. ஒட்டிய தோல் மெல்லியது, உலர்ந்தது, அடியில் நலமான செதிலைக் கொண்டது. பங்கசுப் படை தடித்தது; ஓரம் நாளுக்கு நாள் விரியும்; பெயர்ந்தால் அடியில் சிவந்த அல்லது கசியும் சதை தெரியும். நோய் தோலோடு நிற்பதில்லை. தசைக்கும் எலும்புக்கும் உள்ளுறுப்புகளுக்கும் பரவி உயிரைப் பறிக்கும். உடன் வாழும் விலங்குகளுக்கும் நேரடியாகவும் கூட்டுப் பொருட்கள் வழியாகவும் தொற்றும்.

கண்ணால் பார்த்து மட்டும் இந்நோயை உறுதிசெய்ய முடியாது. தோலில் சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வதும், பங்கசை வளர்த்துப் பார்ப்பதும், மரபணுச் சோதனையும் தேவை. வொரிகொனசோல் போன்ற பங்கசுக்கொல்லி மருந்துகள் வாய்வழியாகப் பல வாரங்கள் கொடுக்கப்படுகின்றன. மனிதரின் தேமலுக்கும் படர்தாமரைக்கும் கடையில் வாங்கும் களிம்பு ஆழத்தில் உள்ள பங்கசை எட்டாது, நாட்களைத்தான் வீணாக்கும். முன்கூட்டியே கண்டறிந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. எலும்பை அடைந்த பின் அரிது.

பிற தோல் நோய்கள்

தீக்காயம்: வளர்ப்புக் கூடுகளில் பரவலானது. விளக்கை விலங்கு தொடக்கூடிய தூரத்தில் பொருத்துவதும், சூடேறும் செயற்கைக் கற்களை வைப்பதும் காரணம். ஊர்வன, மேலிருந்து வரும் வெப்பத்தைக் கண்டு விலகும். வயிற்றுக்குக் கீழுள்ள சூட்டிலிருந்து விலகத் தாமதிக்கும். காயப்பட்ட செதில் வெளிறியோ கறுத்தோ போகும். ஆறிய இடத்தில் பின்னாளில் உரிப்புத் தடைப்படும்.

பற்றீரியாத் தொற்று: கழிவும் ஈரமும் கலந்த தரையில் கிடக்கும் விலங்கின் வயிற்றில் சிவப்பும் கொப்புளமும் தோன்றும். ஊர்வனவற்றின் சீழ் பாற்கட்டி போல் கெட்டியானது; தானாக வடியாது. அதனால் சீழ்க்கட்டியை வைத்தியர் திறந்து அகற்ற வேண்டியிருக்கும். டெவ்ரீசியா அகமாரம் என்ற பற்றீரியாவைத் தாடி ஓணான்கள் நோய்க்குறியின்றியே காவக்கூடும். அதே குடும்பத்து முள்வால் ஓணான்களுக்கு அது கடுந் தோலழற்சியைத் தரும். இனம் கலந்து ஒரே கூட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

சிற்றுண்ணி: கண்ணோரத்திலும், காதுத் துளையைச் சுற்றியும், கழுத்து மடிப்பிலும் சிவப்பு அல்லது கரும் புள்ளிகளாக அசையும். அரிப்பும் அடிக்கடி உரிப்பும் உண்டாகும். நாய், பூனைகளின் தெள்ளு மருந்துகளைத் தாமாகப் பயன்படுத்துவது நஞ்சாகலாம்.

கடிகாயம்: ஒன்றாக வளர்க்கும் குட்டிகள் ஒன்றின் விரலையும் வாலையும் மற்றது கடிக்கும். உணவாக இட்டு மிஞ்சிய சில்வண்டுகளும் இரவில் தூங்கும் விலங்கைக் கடிப்பதுண்டு. அறுந்த வால் வீட்டுப் பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்கு மீண்டும் முளைக்காது.

கட்டிகள்: வயது முதிர்ந்தவற்றில் நிறக் கலங்களிலிருந்து எழும் புற்றுக்கட்டிகள் பதிவாகியுள்ளன. ஆறாத கரும் முடிச்சு எதுவும் பரிசோதனைக்குரியது.

உணவும் ஒளியும்

தோலின் நலம் உள்ளிருந்தே தொடங்குகிறது. குட்டிகளுக்குப் பூச்சிகளும் வளர்ந்தவற்றுக்கு இலைகுழைகளும் முதன்மை உணவு. முருங்கையிலை, பூசணி, செவ்வரத்தம்பூ ஆகியவை கொழும்பில் எளிதாகக் கிடைப்பவை. பசளி போன்ற கீரைகளில் உள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பிணைத்துவிடுவதால் அவற்றை அன்றாடம் இடக் கூடாது. பூச்சிமருந்து கலக்காத இலையை நன்கு கழுவி, நீரை உதறிக் கொடுக்க வேண்டும். விற்றமின் ஏ குறைந்தாலும் மேற்றோல் தடித்து உரிப்புத் தடைப்படும். ஊசி வழியாக மிகுந்தாலும் தோல் தாள்தாளாகக் கழன்று புண்ணாகும். எனவே உரிப்புக்கென விற்றமினைத் தாமாக ஏற்றக் கூடாது.

புறஊதா பி கதிர் தோலில் விற்றமின் டி உருவாக உதவுகிறது. யன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். ஆதலால் கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயில் வெப்பம் மட்டுமே தரும். ஏழாம் அகலக்கோட்டை ஒட்டிய கொழும்பின் நேர் வெயில் இதில் பெரும் வளம். மாடத்தில் காலை வெயிலில் சிறிது நேரம் விடுவது நன்று. ஆனால் கம்பிக்கூட்டில், நிழல் மூலையோடு, ஆள் துணையுடன் விட வேண்டும். நகரின் காகங்கள் திறந்தவெளி விலங்கைக் கொத்தும். மூடிய கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் விலங்கு வெந்துவிடும்.

செதில் குறைந்த வகைகள்

வணிகத்துக்காக இனப்பெருக்கம் செய்யப்பட்ட சில வகைகளில் முதுகுச் செதில்கள் சிறுத்தோ முற்றாக இல்லாமலோ இருக்கும். செதில் சிறுத்தவை 'லெதர்பேக்' என்றும், செதிலற்றவை 'சில்க்பேக்' என்றும் விற்கப்படுகின்றன. ஒரே மரபணு மாற்றத்தின் ஒரு பிரதி முதலாவதையும் இரு பிரதிகள் இரண்டாவதையும் தருகின்றன. இம்மாற்றத்தை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, ஊர்வனவற்றின் செதிலும் பறவையின் இறகும் பாலூட்டியின் உரோமமும் கருவில் ஒரே வகைத் தொடக்கத்திலிருந்து தோன்றுவதைக் காட்டியது. உயிரியலுக்கு அரிய சான்றான இவ்விலங்குக்கு வாழ்க்கை எளிதன்று. செதிலற்ற தோல் விரைவில் நீரிழக்கும். கீறலும் கதிர்ப் புண்ணும் எளிதில் படும். உரிப்பும் அடிக்கடி தடைப்படும்.

மருத்துவமும் மனித நலமும்

நாட்டின் மிருக வைத்தியக் கல்வி பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் நடக்கிறது. அங்கே போதனா வைத்தியசாலையும் உண்டு. வைத்தியரிடம் செல்லும்போது கூட்டின் ஒளிப்படம், பகல் இரவு வெப்ப அளவு, ஈரப்பதன் அளவு, உணவுப் பட்டியல், படை தோன்றிய நாள் முதலான படங்கள் ஆகியவற்றை எடுத்துச் சென்றால் நோயறிதல் எளிதாகும்.

நலமாகத் தோன்றும் தாடி ஓணானும் குடலில் சல்மொனெல்லாப் பற்றீரியாவைக் காவக்கூடும். 2012 முதல் 2014 வரை ஐக்கிய அமெரிக்காவில் இவ்விலங்குகளோடு தொடர்புடைய சல்மொனெல்லாத் தொற்று 100க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் பலர் சிறு குழந்தைகள். தொட்டபின் சவர்க்காரத்தால் கை கழுவ வேண்டும். குளிப்பாட்டும் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் விலங்கைக் கொடுக்கவும் கூடாது.

சட்டமும் உள்நாட்டு ஓணான்களும்

அவுஸ்திரேலியா தன் உள்நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய அனுமதிப்பதில்லை. உலகச் சந்தையில் உள்ளவை பிற நாடுகளில் கூட்டில் பிறந்த வழியின. இலங்கையில் விலங்கு இறக்குமதியும் உள்நாட்டு விலங்குகளின் பாதுகாப்பும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும் அதன் திருத்தங்களுக்கும் உட்பட்டவை. வெளிநாட்டு ஊர்வனவற்றைக் கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

இலங்கையில் 20க்கும் மேற்பட்ட ஓணான் இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. அழியும் தறுவாயிலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டுச் சாசனத்தின் 18ஆவது மாநாடு 2019 மேயில் கொழும்பில் கூடுவதாக இருந்தது. கொட்டாஞ்சேனையின் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் ஏப்பிரல் 21 அன்று நடந்த குண்டுவெடிப்புகளின் பின் அது ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு ஓகஸ்டில் நடந்தது. இலங்கையின் கொம்பு ஓணான்களும் வேறு சில ஓணான் இனங்களும் சாசனத்தின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டது அங்கேயே.

செல்லப்பிராணியின் தோல் நோய்க்கும் காட்டு ஓணானுக்கும் உள்ள தொடர்பை அவுஸ்திரேலியாவில் காணலாம். பிரிஸ்பேன் நகரில் 2013 முதல் காட்டு நீர் ஓணான்களில் தோன்றிய தோல் நோய்க்கு மஞ்சட் பங்கசின் நெருங்கிய உறவான நன்னிசியொப்சிஸ் பார்பாற்றே காரணமென 2020இல் விவரிக்கப்பட்டது. கூட்டுக்குள் மட்டுமே கண்ட நோய்க் குடும்பம் வெளியிலும் வாழ முடியும் என்பதற்கு அது சான்று. ஆகவே நோயுற்ற தாடி ஓணானைத் தோட்டத்தில் விடுவதோ, அதன் தரைவிரிப்பையும் உரித்த தோலையும் வேலியோரம் கொட்டுவதோ கூடாது. உறையிலிட்டுக் கட்டியே அகற்ற வேண்டும். அந்த வேலிச் செவ்வரத்தையில் தோலுரிக்கும் ஓணானுக்கு மிருக வைத்தியர் இல்லை.